கொட்டகைக்கு வந்த சட்டம்

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில். வாழ்க்கைப்பட்டது பக்கத்திலேயே, நெல் பயிரிடும் குடும்பத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் வயலில் உப்பு ஏறி விளைச்சல் பொய்த்துக்கொண்டே வந்தபோது, என் கணவர் ஏரியை ஒட்டிய மேட்டில் கோழிப் பண்ணை வைத்தார். முட்டைக் கோழிகள். தரையில் உமி பரப்பி வளர்த்தோம். நோய் கண்ட கோழியை மடியில் வைத்து, வாயைப் பிரித்து மருந்து ஊற்றுவார். அப்போது நான் பேசினாலும் அவர் காதில் விழாது.

கோழி எருவை வயல்காரர்கள் வண்டி கட்டி வந்து அள்ளிப் போவார்கள். ஒரு வருடம் ஐப்பசி மழை விடவே இல்லை. வண்டி இறங்க வழியில்லாமல் எரு குவிந்து, ஊறி, ஏரியில் கரைந்தது. மழை விட்டதும் ஈ கிளம்பியது.

என் அப்பா வந்தார். எப்போது வந்தாலும் கையில் மீன் இருக்கும். அன்று வெறுங்கையோடு வாசலில் நின்றார்.

"கருவாட்டுல புழு வெக்குதும்மா. உங்கம்மா காயப்போட்டது மொத்தமும் கொட்டிட்டா. குப்பத்துல ஆபீசருக்கு மனு குடுக்கப் போறாங்கோ. வாணாம்னு நான் எப்டி சொல்றது?"

"எருவ வேற பக்கம் தள்ளிடறேன் மாமா," என்றார் என் கணவர்.

"இந்தச் சேத்துல எங்க மாப்ள தள்ளுவ?"

சில வாரத்தில் அதிகாரி வந்தார். கடுமையானவர் இல்லை. கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் மாசுச் சட்டத்தின் கீழ் கழிவு ஏரிக்குப் போகாதபடி சிமெண்ட் தொட்டி கட்ட வேண்டும், இல்லையென்றால் பண்ணையை மூடிவிட வேண்டும் என்றார்.

"இது தோல் கம்பெனிக்கும் சாயக் கம்பெனிக்கும் போட்ட சட்டம்னு சொல்றாங்களே சார். நான் இன்னா கம்பெனியா நடத்துறேன்? கோழி சார் இது."

"ஏரிக்கு ரெண்டும் ஒண்ணுதாம்பா," என்றார் அவர்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. புழு வைத்த கருவாட்டை நானே பார்த்திருந்தேன்.

என் கணவர் தொட்டிக்குப் பள்ளம் வெட்டினார். முழங்கால் ஆழம் போவதற்குள் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறியது. இறைத்துவிட்டு வெட்டினார், மறுநாள் காலையில் நிரம்பிக் கிடந்தது. இடம் மாற்றி வெட்டினார். அங்கேயும் தண்ணீர். கடைசியில் காலெல்லாம் சேறாக, பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, "வித்துடலாம்" என்றார்.

எளாவூரிலிருந்து வியாபாரி லாரி கொண்டு வந்தார். லாரி ஆட்கள் கோழிகளைக் கொத்தாகக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"தலகீழா புடிக்காதபா," என்றார் என் கணவர்.

"கறிக்குப் போறதுக்கு இன்னா நைனா மரியாதை?" என்று ஒருவன் சிரித்தான்.

அதன்பிறகு என் கணவர் மிச்சக் கோழிகளைத் தானே ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போய்க் கூண்டில் விட்டார். லாரி சாயங்காலம்தான் கிளம்பியது.

பிறகு மெட்ராஸ் பக்கம் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அனுப்பம்பட்டில் ரயிலேறிப் போய் வருவார். சட்டை காலரில் கரி படிந்திருக்கும்.

"அங்க அந்தச் சட்டம் இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குது. தொட்டி கட்ட முடிஞ்சவன் கட்டிக்கினு நடத்துறான்."

குப்பத்தில் கருவாடு பழையபடி காய்ந்தது. அம்மா கொடுத்தனுப்பினாள். அவர் தொடவில்லை. என் அப்பாவைத் திட்டியதும் இல்லை, போய்ப் பார்த்ததும் இல்லை. அப்பாவும் எங்கள் பக்கம் வரவில்லை. நடுவில் நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன்.

சில வருடம் கழித்து அப்பா படுத்த படுக்கையானார். நான் போகும்போதெல்லாம் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார். "மாப்ளைக்கு இன்னும் கோவமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

அப்பா இறந்த அன்று என் கணவர் வேலையிலிருந்து நேராக வந்தார். கரி படிந்த சட்டையோடு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"மாமா மேல எனக்குக் கோவமே இல்ல," என்றார், என்னைப் பார்க்காமல். "அவங்க கருவாட்டயெல்லாம் கெடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுனுதான் இருந்தேன்."