சீட்டில் வந்த பக்கம்

வாசகரே, மேடையில் நடுவரை விளித்தே பேச்சைத் தொடங்கிப் பழகியவன் நான். இன்று உங்களை நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், லப்பைக்குடிக்காட்டில், ஓர் உணவு மேசையின் முன்னால் உட்கார்ந்து நான் விழித்த விழிப்பை நீங்கள் பார்த்தால் போதும்.

அதற்கு முந்தைய வாரம் அறிமுகமில்லாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சென்ற ஆண்டு அவ்வூர்த் திருமண மண்டபத்தில் நடந்த பட்டிமன்றத்தில் என் பேச்சைக் கேட்டவராம். 'வாழ்வுக்கு நிறைவு தருவது அயல்நாட்டு உழைப்பா, உள்ளூர்த் தொழிலா' என்பது அன்றைய தலைப்பு. நான் உள்ளூர்த் தொழிலின் பக்கம். அந்தப் பேச்சு தம் வாழ்க்கையையே திருப்பிவிட்டது என்றும், தம் கடைக்கு ஒருவேளை சாப்பிட வரவேண்டும் என்றும் சொன்னார். கைதட்டல்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் ஒருவருடைய வாழ்க்கை திரும்பிய செய்தி அதுவரை எனக்கு வந்ததில்லை. என் ஊரான குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் வந்து பேருந்து மாறிப் போகும் வழியெல்லாம், பொன்னாடை போர்த்தினால் சொல்வதற்கென்று நான்கு வரி நன்றியுரையை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டே போனேன்.

கடை, அவர் வீட்டின் முன்பகுதி. நான்கு மேசைகள். 'ஆர்மீனிய, மத்தியதரைக்கடல் உணவகம்' என்று பெயர்ப்பலகை. ஆர்மீனியா எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அன்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்கள் மேடைப்பேச்சுப் பயிற்சியில் இடமில்லை என்பதால், பலகையைப் பார்த்துத் தலையசைத்தபடி உள்ளே நுழைந்தேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்துப் பிரியாணி உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் நகர்ந்தார். சாப்பிட வந்தவன் நான் ஒருவன்தான். கரியடுப்பின் முன்னால் கடைக்காரர், உள்ளே ரொட்டி போடும் அவர் மனைவி, கல்லாவில் அவருடைய மாமனார். கடையின் ஆட்கள் அவ்வளவே.

பொன்னாடை இல்லை. கடைக்காரர் என் இரு கைகளையும் பற்றி உட்காரவைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பியதும், மாமனார்தான் செய்தியைச் சொன்னார். மருமகன் பதினான்கு ஆண்டுகள் சார்ஜாவில் ஓர் ஆர்மீனியத் தம்பதியின் உணவகத்தில் சமைத்தவர். விடுப்பில் வந்தபோது என் பேச்சைக் கேட்டு, இனி வரவில்லை என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு இந்தக் கடையைப் போட்டிருக்கிறார். இப்போது அந்த முதலாளிக்கு நின்று வேலை பார்க்க முடியவில்லை. வந்து அடுப்பை ஏற்றுக்கொள் என்கிறாராம். விசா தயார். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குள் பதில் சொல்லவேண்டும். போவதென்றால் கடையை மூடவேண்டும்.

"உங்களக் கேட்டுத்தான் பதில் சொல்வாராம்," என்றார் மாமனார். "பிளேன்ல ஏற வேணாம்னு மைக்குல சொன்னீங்க. இப்ப ஏறலாமா வேணாமான்னு மைக்கு இல்லாமச் சொல்லிட்டுப் போங்க."

அவர் கேலி செய்கிறாரா, கெஞ்சுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பதில் தேடுவதற்குள் தட்டுகள் வரத் தொடங்கின. சுட்ட கத்தரிக்காயை மசித்து மாதுளை முத்துகள் தூவியது ஒன்று. மசூர் பருப்பு உருண்டைகள், ஆறிப்போனவை, ஒன்று. காய்ந்த புதினா மிதக்கும் உப்பு மோர். மேல்துண்டு அளவுக்கு அகன்று, மெலிந்து கிடந்த ரொட்டி. விரல் பருமனில் இலைச்சுருள்கள். நான் கைகழுவிவிட்டு, இவற்றையெல்லாம் தொடுகறிகள் என்று கருதி, சோறு வரும்வரை காத்திருந்தேன். அடுக்களை வாசலிலிருந்து கடைக்காரரின் மனைவி, அந்த அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். சோறு வரவில்லை.

"பிடிக்கலையா தம்பி?" என்றார் அக்கா.

பிடிக்காமல் இல்லை என்று அவசரமாக ஒரு சுருளை எடுத்து, கொழுக்கட்டையைப் பிரிப்பதுபோல இலையைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளேயிருந்த அரிசியை மட்டும் உண்டேன். நான்கு சுருள்களை அப்படியே முடித்தேன். நான் எதிர்பார்த்த சோறு இதற்குள்தான் இருந்தது போலும் என்று ஒரு விளக்கமும் எனக்குள் உருவாயிற்று. ஓரத்தில் குவிந்திருந்த இலைகளைக் கண்ட கடைக்காரர் என் எதிரே உட்கார்ந்து, ஒரு சுருளை இலையோடு வாயில் போட்டு மென்றார். கம்பம் பக்கத்திலிருந்து பார்சலில் வரவழைத்த திராட்சை இலை அது என்று மாமனார் கல்லாவிலிருந்தே அறிவித்தார். நான் ஒதுக்கியவற்றைத் திரும்ப எடுத்து உண்பது மரியாதையா, உண்ணாமல் விடுவது மரியாதையா என்ற ஐயத்தில் என் கை தட்டின் மேலேயே நின்றது.

அந்த நேரத்தில்தான் அக்கா அடுக்களையை விட்டு வெளியே வந்தார்.

"இவரு போறதும் இருக்கறதும் எங்க பாடு. அன்னைக்குப் பேசுனத நம்பித்தான் பேசுனீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

நம்பிக்கை பற்றி அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. உச்சரிப்பைக் கேட்டிருக்கிறார்கள், கால அளவைக் கேட்டிருக்கிறார்கள், மேற்கோளின் மூலத்தைக் கேட்டிருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னேன். எங்கள் பட்டிமன்றக் குழுவில் பக்கம் பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான். மேடையேறுவதற்கு அரைமணி முன்னால் மடித்த தாள் ஒன்றை எடுத்தேன். அதில் உள்ளூர் என்றிருந்தது. அயல்நாடு என்றிருந்தால் அதற்கும் அதே வேகத்தில் பேசியிருப்பேன்.

மாமனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "சீட்டா? மாப்ள, சீட்ட நம்பியா கடையப் போட்டீங்க?"

கடைக்காரரின் முகத்தைப் பார்க்க அஞ்சினேன். கோபமோ உடைவோ அங்கே இருக்கும் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அவர் ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"உண்மையச் சொன்னா, நீங்க பேசுனது எனக்கு ஒரு சாக்கு தம்பி. திரும்பப் போகக்கூடாதுன்னு பிளேன்ல வர்றப்பவே நெனச்சுட்டேன். வூட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க கெடைச்சீங்க."

வாசகரே, இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் பிழைப்பை என் நாவு கெடுத்துவிட்டதோ என்ற பாரம் அந்தக் கணத்தில் இறங்கியது. இறங்கிய அதே கணத்தில், என் நாவு அங்கே எதையுமே செய்திருக்கவில்லை என்ற செய்தி வந்து உட்கார்ந்தது. நிம்மதியடைவதா, அவமானப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

ஆனால் என் குழப்பத்துக்கு அங்கே யாரும் இடம் வைத்திருக்கவில்லை. அக்கா கணவர் பக்கம் திரும்பிவிட்டார். இத்தனை மாதமாக அந்தத் தம்பி சொன்னார், அந்தத் தம்பி சொன்னார் என்று தம்மிடம் ஓதியதெல்லாம் என்ன என்று கேட்டார். பாத்திரம் கழுவும்போதும், ஆளில்லாத மேசைகளைத் துடைக்கும்போதும், முகம் மறந்துபோன ஒரு பேச்சாளரை அவர் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்து, மன்னிக்கச் சொன்னார். நான் எதற்கு மன்னிப்பது என்று தெரியாமல் தலையை ஆட்டினேன்.

"சாக்க விடுங்க," என்றார் கணவரிடம். "இப்ப உங்க வாயால சொல்லுங்க. ஏன் போக மாட்டீங்க?"

நானாக இருந்தால் மூன்று காரணங்களை அடுக்கி, நான்காவதில் குரலை உயர்த்தியிருப்பேன். கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்:

"பதினாலு வருஷம் ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டுட்டு தனியா உக்காந்து சாப்பிட்டேன். இனிமே முடியாது."

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்து அவரிடம் நீட்டினார். "அப்ப சொல்லுங்க. நானும் கூட நிக்கறேன். பிரியாணியும் போடுவோம், இதயும் போடுவோம்."

அந்த உரையாடலில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. அரபும் இந்தியும் வேறேதோ ஒன்றும் கலந்த பேச்சு. திரையில் நரைத்த புருவங்களுடன் ஒரு முதியவர், அந்த ஆர்மீனிய முதலாளி. கடைக்காரர் தலைகுனிந்து பேசினார். முதியவர் கையை வீசினார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்தேன். மேசையில் இருந்த தட்டைக் காட்டச் சொன்னாராம். இலைச்சுருள் பருமனாக இருக்கிறதே என்றுதான் கத்தினாராம். அதை, தாமும் வளைகுடாவில் வேலை பார்த்தவரான மாமனார் மொழிபெயர்த்தபோது அக்கா முதல்முறையாகச் சிரித்தார். அஸருக்குப் பாங்கு சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. கடைக்காரர் சார்ஜாவுக்குப் போகவில்லை.

நான் கிளம்ப எழுந்தேன். நான்கு வரி நன்றியுரை எங்கோ போயிருந்தது. மாமனார் கல்லாவிலிருந்து கேட்டார்: "அடுத்த பட்டிமன்றத்துல எந்தப் பக்கம் தம்பி? இங்க யாரு யாரு வேலைய வுடணும்னு முன்னாடியே சொல்லி வச்சுடறேன்."

தெருவில் தொழுகைக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, பழக்கத்தால் குரல் தானே உயர்ந்துவிட, அந்த அக்காவைப் பார்த்துச் சொன்னேன்:

"அக்கா, இனிமே எந்த மேடை ஏறினாலும் முதல் வார்த்தை இதுதான்: 'இந்தப் பக்கம் எனக்குச் சீட்டுல வந்தது.' அதச் சொல்லிட்டுத்தான் மத்தத பேசுவேன். கைதட்டல் போனாப் போகட்டும்."