வாத்துக்கு வாய்த்த மட்டி

ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் நிலம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கரைச் சேற்றில் மட்டிச் சிப்பி அதிகம் கிடையாது. நல்ல தண்ணீரில் வளரும் மட்டி அது, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மழை நின்றதும் கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறிவந்து அதைக் கொன்றுவிடும்.

பிறகு ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் வருஷக்கணக்கில் உள்ளேயே நின்றது. எங்கள் ஓரத்தில் எங்கே கால் வைத்தாலும் மட்டி. வாத்து வளர்க்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. காலையில் இறங்கும் வாத்துகள் மட்டியை ஓட்டோடு விழுங்கி, கழுத்து புடைக்க ஏறி வரும். தீவனமே வாங்கியதில்லை. ஊரில் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

கோட்டைக்குப்பத்திலிருந்து எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி எனக்குச் சிநேகிதி. கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லாததால் அவள் கூடை காலியாகிக்கொண்டே வந்தது.

"இன்னாமே, உன் வாத்து மட்டும் கொழுத்துக்கினே போவுது?" என்றாள் ஒருநாள்.

"மட்டிதான்க்கா. ஏரி குடுக்குது."

"உனக்குக் குடுக்குது. நாளைக்கு முகத்துவாரத்தைத் தூர் வாரணும்னு ரோட்டுல உக்காரப் போறோம். நீயும் வா."

சிநேகிதிக்காகப் போனேன். வெயிலில் மற்றவர்களுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வயலில் கூப்பிட்டுப் பழகிய என் தொண்டை கடைசி வரை தாங்கியது. நான் கோஷம் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். பேச வந்த அதிகாரி என்னைப் பார்த்துத்தான், "உங்க கஷ்டம் புரியுதும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார்: "முகத்துவாரம் தொறந்தா நம்ம வாத்து இன்னா துன்னும்?"

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. "அவங்க எங்க வாரப் போறாங்க" என்றேன்.

வாரினார்கள். கேட்டது இவ்வளவு சீக்கிரம் நடந்து நான் பார்த்ததில்லை. உப்புத் தண்ணீர் ஏறியது. கோடை முடிவதற்குள் கரை நெடுக மட்டி வாயைப் பிளந்து கிடந்தது. நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. வாத்துகள் வெறும் ஓட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கத்தின. கொஞ்ச நாள் தவிடு வாங்கிப் போட்டேன். கட்டுப்படியாகாமல் முக்கால்வாசியை விற்றேன்.

அக்கா கூடை நிறைய இறாலோடு வந்தாள். இரண்டு கையாலும் அள்ளி என் பாத்திரத்தில் போட்டு, "நீ கத்துன கத்துக்குத்தான் தொறந்தாங்கனு எங்க ஆளுங்க சொல்றாங்க" என்றாள். அவள்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. குழம்பு நன்றாக அமைந்துவிட்டதால் அதுவும் முடியவில்லை.

இப்போது வீட்டு முட்டைக்கென்று சில வாத்துகள்தான். நல்ல மழை பெய்த வருஷம் மட்டி தலைகாட்டுகிறது, பங்குனியில் உப்பேறியதும் போய்விடுகிறது. முகத்துவாரத்தில் மறுபடியும் மணல் சேர்கிறதாம். போன வாரம் அக்கா சொல்லி வருத்தப்பட்டாள். நானும் முகத்தை வருத்தமாகத்தான் வைத்துக்கொண்டேன்.