பத்தாவது கட்டை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன் நான். நாலு வரி எழுதினாலே விரல் நோகும். அதோடு, ஒருத்தரையாவது கேலி செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் வாயைப் பிளந்து நின்ற கதையைத் தானே எழுதிக் கொடுத்தால் ஊர் சும்மா விடுமா? இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வருஷம் வெள்ளைக்காரன் நடத்தும் சண்டைக்காக அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு பட்டறை வந்தது. மேனாம்பேட்டில் என் சிநேகிதனும் அவனுடைய தாய்மாமனும் குத்தகைக்கு உழுத நிலம் அதற்குள் போய்விட்டது. நிலம் போனபின் பட்டறையில் மிஷின் வேலை கிடைத்தால்தான் சிநேகிதனுக்குப் பிழைப்பு. வேலை இல்லாதவனுக்கு மாமன் மகளை எப்படிக் கொடுப்பார்கள் என்ற கவலை வேறு.

ஆள் எடுக்கச் சோதனை வைத்தார்கள். வைத்தவர் பட்டணத்துக் காலேஜில் மனசைப் பற்றிப் பாடம் சொல்கிற வாத்தியார். முப்பது வயதுகூட இருக்காது. மேஜைமேல் ஒரு மரப்பலகை. அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம், பிறை என்று பத்துக் குழிகள். அந்தந்தக் குழியில் அந்தந்தக் கட்டையைப் போட வேண்டும். வாத்தியார் கையிலிருக்கும் கடிகாரத்தை அமுக்கி நேரம் பார்ப்பார். இரண்டு பலகைகள் இருந்ததால் இரண்டு இரண்டு பேராக எதிரும் புதிருமாக உட்கார வைத்தார். என் சிநேகிதனும் மாமனும் ஒன்றாக மாட்டினார்கள்.

எனக்கு வேலை வேண்டாம், வேடிக்கைதான் வேண்டும். ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன்.

மாமன் மூன்று கட்டை போடுவதற்குள் இவன் ஒன்பது போட்டுவிட்டான். பத்தாவதைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். மாமன் நட்சத்திரத்தை வட்டக் குழிக்குள் திணித்து, எடுத்து, மறுபடி திணித்து, ஒருவழியாக முடித்தார். அதற்கப்புறம்தான் இவன் கையைத் திறந்து தன் கட்டையைப் போட்டான்.

வாத்தியார் ஏதோ எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் தலையை உள்ளே விட்டுத் தாளைப் பார்த்தேன். மேலே கிடந்தது சிநேகிதன் தாள். அதில் அவன் பேருக்கு நேரே இங்கிலீஷில் ‘டல்’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அதுவும் ஒன்று.

அன்று சாயந்திரமே ஆரம்பித்தேன்.

“இன்னா டல்லு, நீ மாட்ட ஓட்டினு போறியா, மாடு உன்ன ஓட்டினு போதா?”

தெருவே சிரித்தது. டல்லு என்றால் மந்தம் என்று கேட்டவருக்கெல்லாம் அர்த்தமும் சொன்னேன். அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள் கிணற்றடியில் என்னைப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: “மாமா ஊட்ல அத்தை கேக்குதுடா, மந்தமான பையனுக்கா பொண்ண குடுக்கறதுன்னு.”

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே சோறு இறங்கவில்லை. விடிந்ததும் வாத்தியாரிடம் போனேன்.

“சார், பந்தில குந்தி துன்றீங்க. பக்கத்துல பெரியவரு. அவரு எலய மடிக்கறதுக்கு மின்னாடி நீங்க எழுந்துப்பீங்களா?”

“மாட்டேன். ஏன்?”

“அவனும் எழுந்துக்கல சார். மாமா முடிக்கட்டும்னு பத்தாவது கட்டய கையிலயே வெச்சினு குந்திகினு இருந்தான். நீங்க டல்லுன்னு போட்டுட்டீங்க.”

வாத்தியார் பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தப் பலகை சீமையிலேர்ந்து வந்தது. கூட வந்த புஸ்தகத்துல, எதிர்ல மாமன் உட்கார்ந்தா என்ன ஆகும்னு எழுதலை. நானும் யோசிக்கலை” என்றார். பிறகு, “நான் போட்டது உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க தண்ணி குடிக்க போனப்போ எட்டிப் பாத்தேன்.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். “தாளை மூடாம போனது என் தப்பு” என்றார் அவர்.

பிறகு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூட்ஸ் காலோடு வரப்பில் வழுக்கி வழுக்கி, சிநேகிதனைத் தேடி வந்தார்.

“தம்பி, நான் தப்பா அளந்துட்டேன். இன்னொரு தரம் செய்ய இஷ்டமா? வேணாம்னாலும் சரி, அதுக்காக உன்னைத் தள்ள மாட்டேன்.”

எங்கள் பக்கம் சராய் போட்ட அதிகாரிகள் வந்தால் நிலம் கேட்பார்கள், வரி கேட்பார்கள், கைநாட்டு கேட்பார்கள். எங்களுக்கு இஷ்டமா என்று ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதே பாதி வாய் பிளந்துவிட்டது.

சிநேகிதன் கேட்டான்: “மாமாவுக்கு இன்னா சார் போட்டீங்க?”

“அதை அவர்கிட்ட மட்டும்தான் சொல்வேன்.”

நான் சுற்றிச் சுற்றி வந்து பத்து விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த மனுஷன் அசையவில்லை. அடுப்பங்கரையில் பேசியது அரை மணியில் ஏரிக்கரைக்கு வந்துவிடும் ஊர் இது. இன்று வரைக்கும் மாமன் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கிணற்று மேடையில் பலகையை வைத்தார். சிநேகிதன் கட்டைகளை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். டக் டக்கென்று பத்தும் உட்கார்ந்தன. ஒரு கட்டைகூடத் தப்பாகப் போய்த் திரும்பவில்லை. சின்ன வயசிலிருந்து அவன்கூடச் சுற்றுகிறவன் நான். அவன் விரலுக்குள் கண் இருந்தது எனக்குத் தெரியாது. மீதி வாயும் பிளந்தது.

வாத்தியாரைப் பார்த்தேன். அவரும் என்னைப் போலவே நின்றிருந்தார். கடிகாரத்தை அமுக்கவே இல்லை!

“திரும்பப் போடட்டுமா சார்?” என்றான் இவன்.

“வேணாம். இனிமே அது பழகின கை.” அவர் அவன் எதிரிலேயே அந்த இங்கிலீஷ் வார்த்தையை அடித்தார். வேறு எழுதி, தமிழில் படித்தும் காட்டினார்: “இவரை இந்தப் பலகையால் அளக்க முடியவில்லை. குறை பலகையுடையது. வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.”

போகும்போது, நடந்ததைத் தன் கட்டுரையில் எழுதலாமா என்று அதற்கும் சம்மதம் கேட்டார். “எங்க பேரு போடாம எழுதுங்க சார்” என்றான் இவன். நானும் அதனால்தான் யார் பேரையும் போடவில்லை.

இப்போது அவன் பட்டறையில் லேத் ஓட்டுகிறான். தை மாதம் கல்யாணம். எழுதி முடித்ததும் வாத்தியார் மாதிரியே முறையாகச் செய்வோம் என்று, தாள்களோடு பட்டறை வாசலில் போய் நின்றேன்.

“மச்சான், உன்னப் பத்தி எழுதிகீறேன். உனுக்கு சம்மதமா?”

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே அவன் என்னைப் பார்த்தான்.

“தெரு பூரா டல்லுன்னு கூவறப்போ இத்த கேட்டியா மச்சான்?”