அவர் கடை ஸ்டிக்கர்

மாப்பிள்ளையூரணி போகிற சாலையில் பழைய டிவி வாங்கி விற்கிற கடை வைத்திருந்தார் அவர். ரிப்பேரும் பார்ப்பார். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் டெஸ்டர், முகத்தை விட்டுத் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் மூக்கு. விற்க வரும் டிவியை அவர் போட்டுப் பார்ப்பதே இல்லை. பின்பக்க ஓட்டைகளில் அந்த மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். உப்புக் காற்று உள்ளே போர்டை அரித்திருந்தால் வாடை காட்டிக் கொடுத்துவிடுமாம்.

என் டிவியை ரிப்பேருக்குக் கொண்டு போயிருந்த அன்று, கடலோரத்துப் புன்னைக்காயலிலிருந்து ஒரு பெண் தன் டிவியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் தூக்கி வந்திருந்தாள்.

"வீட்டுக்காரருக்குப் புது வலை எடுக்கணும் அண்ணாச்சி. பாத்துப் போட்டுக் குடுங்க."

மோந்தார். பிறகு டிவியின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தட்டினார். அவர் கடை ஸ்டிக்கர்தான்.

"ஏளா, இது ரிப்பேர் பாத்த டிவி. எவன் வாங்குவான்? காயலான் கடை விலைன்னா எடுத்துக்கிடுதேன்."

"நீங்கதான அண்ணாச்சி ரிப்பேர் பாத்தீங்க? புதுசு மாதிரி ஆயிட்டுன்னு சொன்னீங்களே!"

"நான் பாத்ததுனாலதான் சொல்லுதேன். உள்ள என்ன கெடக்குன்னு எனக்குல்லா தெரியும்."

அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, போர்வையை மடித்துக் கக்கத்தில் இடுக்கியபடி பஸ் பிடிக்கப் போனாள்.

அவர் சிரித்த முகமாக என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒங்க டிவிய நாளைக்கே புதுசு மாதிரி ஆக்கிருதேன்."

எத்தனையோ டிவிகளை மோந்த மூக்கு அது. தன் நாற்றம் மட்டும் அதற்கு எப்படி எட்டாமல் போனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.