பூண்டுக் காட்டில் நட்ட கல்

பேத்துப்பாறையில் வாய்க்காலுக்கு ஒரு சட்டம் உண்டு. எவன் வெள்ளாமைக் காட்டைக் கடந்து வாய்க்கால் போகிறதோ அவனுக்கு அதில் ஒரு மடை. மடை திறக்கும் இடத்தில் ஊர் கூடி ஒரு கல்லை நடும். கல்லை நட்டுவிட்டால் அப்புறம் பேச்சு கிடையாது. அவன் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தன் பங்குக் கரையை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து, முத்திரை என்று எந்த இழவும் இல்லாமல் நடந்துவந்த சட்டம். வேலுச்சாமிக்கு உலகத்தில் தெரிந்த சட்டமும் அது ஒன்றுதான்.

எண்பத்தேழில் டெலிபோன்காரர்கள் பள்ளம் தோண்டிக்கொண்டு மலையேறி வந்தார்கள். ரோடு சுற்றிப் போகிற இடத்தில் கேபிளைக் குறுக்கே கொண்டுபோக வேலுச்சாமியின் பூண்டுக் காடு தோதாக இருந்தது. கூட வந்த இன்ஜினீயர் சுவாமிநாதன் நல்ல மனிதர். அதுதான் வினையே. சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் வேலுச்சாமி அவரை நம்பியிருக்க மாட்டார். சுவாமிநாதன் கேபிளின் நுனியைச் சீவி, உள்ளே இருந்த இழையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தலைமுடி போல இருந்தது.

"கண்ணாடிங்க பெரியவரே. இதுக்குள்ள வெளிச்சம் ஓடும். ஆயிரம் பேரு ஒரே சமயத்துல பேசலாம். ஒரு காலத்துல பாருங்க, இது வீட்டுக்கு வீடு வரும். பேச்சு மட்டுமில்ல, சினிமாவே இதுல வரும்."

வேலுச்சாமிக்குச் சினிமா வேண்டியிருக்கவில்லை. "எங்க ஊருக்கு ஒரு போன் வருமாங்க? மழை பெஞ்சா பஸ் வராது. ஆத்திர அவசரம்னா ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட நாதியில்லாமக் கெடக்கு."

"வராம எங்க போகும்?"

"அப்ப எங் காட்டுல ஒரு மடை வச்சிருங்க."

சுவாமிநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "வச்சிட்டாப் போச்சு!"

அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. பள்ளத்தை மூடிய பிறகு ஆட்கள் அதன்மேல் ஒரு கல்லை நட்டார்கள். கீழே கேபிள் போகிறது, தோண்டாதே என்பதற்கான கல். வேலுச்சாமியின் கண்ணுக்கு அது மடைக் கல். அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். கல்லைச் சுற்றிப் பூண்டு ஊன்றுவதை நிறுத்தினார். காட்டுப்பன்றி வந்து கிளறாதபடி முள்வேலி கட்டினார். ஒழுங்காகக் கரையைக் காத்தார், பாவி மனுஷன்.

அடுத்த வருஷம் மகள் காளியாயி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண்ணைப் பெருமாள்மலையில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று மனைவி பொன்னுத்தாய் நச்சரித்தாள். அது பெரிய ரோட்டு ஊர், மழையானாலும் வாசலில் ஏதாவது வண்டி நிற்கும்.

"கல்லு நட்டு வருசமாகப் போகுது. இன்னைக்கோ நாளைக்கோ போனு வந்துரும்," என்றார் வேலுச்சாமி. "பெத்த வீடு இருக்க, அடுத்த வீட்டுலயா பிள்ளைய எறக்கிவைக்க?"

ஆனாலும் மனம் கேட்காமல் கொடைக்கானல் ஆபீசுக்குப் போய் விசாரித்தார். சுவாமிநாதன் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த நாற்காலியில் இருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "அது எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்சு போற லைன். நடுவுல எங்கயும் எறங்காது. ஊருக்குப் போன் வேணும்னா தனியாக் கம்பி இழுக்கணும். அதுக்கெல்லாம் இப்ப வழியில்ல, போங்க."

இவன் புது ஆள், கொடுத்த வாக்கு இவனுக்கு எங்கே தெரியும் என்று வேலுச்சாமி தன்னைத் தேற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பொன்னுத்தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் காளியாயிக்கு வலி கண்டது. பஸ் வரவில்லை. போர்வையைக் கம்பில் தொட்டிலாகக் கட்டி, பக்கத்துக் காட்டு மலைச்சாமியும் மற்றவர்களும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். வழுக்கிற பாதையில் அவள் கத்திக்கொண்டே போனாள். பெருமாள்மலைக் கடைகள் கண்ணில் படும்போது சத்தம் நின்றிருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். மாப்பிள்ளைக்குத் தகவல் சொல்லவும் ஆள்தான் நடந்து போனது.

அதே மழையில் சில நாள் கழித்துக் காட்டுக்குக் கீழே மண் சரிந்து கேபிள் அறுந்தது. ஊரில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. பஸ் வராத சேற்றில், அன்றைக்கே உச்சிப் பொழுதுக்கு முன்னால் டெலிபோன் ஜீப் வந்து நின்றது.

"யாருங்க சொன்னா உங்களுக்கு?" என்று கேட்டார் வேலுச்சாமி.

"யாரு சொல்லணும்? லைன் அறுந்தா ஆபீசுல மணி அடிச்சிரும். எந்த எடம்னு மிசின் காட்டிரும்," என்றான் ஒருவன், மண்வெட்டியை எடுத்துக்கொண்டே.

பெற்ற பெண் அலறியது ஒருவன் காதிலும் விழவில்லை. தலைமுடி கனமே உள்ள கண்ணாடி அறுந்ததற்கு ஜீப் ஓடி வருகிறது. அதைத்தான் அவர் பன்றிக்கு வேலி போட்டுக் காத்திருந்தார். அன்றைக்கே முள்ளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்.

மறு வருஷ மழையில் மலைச்சாமியின் மனைவி மூக்கம்மாவுக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. மலைச்சாமி போர்வையும் கம்புமாக ஓடி வந்தான். "அண்ணே, தூக்க வாங்க, வெரசா!"

"தூக்க வேண்டாம்ப்பா. அவள ரோட்டோரம் கொண்டாந்து வையி. வண்டி வரும்."

"எந்த வண்டிண்ணே?"

வேலுச்சாமி கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போனார். கல்லைப் பெயர்த்துப் போட்டு, மண்ணைக் கிளறி, கேபிள் தட்டுப்பட்டதும் ஓங்கிக் குத்தினார். அறுகிற வரைக்கும் குத்தினார்.

ரோட்டோரம் மூக்கம்மா போர்வையில் கிடக்க, ஜீப் வந்தது. இறங்கியவர்கள் வாயில் வந்தபடி திட்டினார்கள். திட்டி முடிக்கட்டும் என்று வேலுச்சாமி காத்திருந்து, "இந்தப் பிள்ளத்தாச்சிய ஏத்திக்கங்க. அப்புறம் என்னையும் ஏத்திக்கங்க," என்றார். டிரைவர் மூக்கம்மாவைப் பார்த்தான். பின் கதவைத் திறந்தான்.

மூக்கம்மாவும் பிள்ளையும் பிழைத்த சேதி மறுநாள் ஊருக்கு வந்தது. பின்னாலேயே போலீசும் வந்தது. சர்க்கார் சொத்தை நாசம் செய்ததாக வழக்கு. ஊரே கூடி நின்று வேலுச்சாமியைத் தெய்வம் என்றது. மலைச்சாமி காலில் விழுந்து அழுதான்.

பொன்னுத்தாய் மட்டும் கிட்டே வரவில்லை. போலீஸ்காரர் கையைப் பிடித்து நடத்தும்போது வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"கல்லு போன வருசமும் அங்கனதான கெடந்துச்சு? கடப்பாரையும் வீட்டுலதான கெடந்துச்சு?"

வேலுச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போலீசுக்கு முன்னால் நடந்தார்.