வேலி விளக்குகளுக்கு அப்பால்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களுக்கு எதிரான அவசரகாலத்தில், நவம்பர் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. காலையில் தொழிலாளர்கள் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் காய்ச்சல்காரர்களைப் பார்த்தேன். பிறகு தோட்ட ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினேன். மலாக்காவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரஸர், அதாவது மருத்துவ உதவியாளர். மத்தியானம் வீட்டைக் கூட்டி, எஸ்தரின் தலையணைக்கு உறை மாற்றினேன்.

என் மனைவி எஸ்தர், கழுத்துக் கட்டியை அறுத்தெடுக்க சிங்கப்பூர் போய் மூன்று வாரமாகியிருந்தது. அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாலையில் பதுங்கிச் சுடுகிறார்கள் என்று, அன்று விமானத்தில் மலாக்காவுக்குத் திரும்பி வரச் சொல்லியிருந்தேன். மழையால் விமானம் தாமதம் என்று ஆபீசில் சொன்னார்கள்.

மாலை ஆறு மணிக்கு முள்வேலிக் கதவைப் பூட்டினார்கள். அதன்பின் வெளியே நடமாடினால் சுடலாம் என்பது சட்டம். வேலி விளக்குகள் எரிந்தன. மேகம் ரப்பர் மரங்களின்மேல் கவிந்திருந்தது. விமானம் ஒன்று மிகத் தாழ்வாக வந்தது. மரங்கள் முறிந்தன. அப்புறம் சத்தமே இல்லை.

விசாரணையில்தான் காரணம் தெரிந்தது. மேகத்துக்குக் கீழே இறங்கி விமானத் திடலைத் தேடிய விமானி, நேர்வரிசையில் எரிந்த எங்கள் வேலி விளக்குகளை ஓடுபாதை என்று எண்ணிவிட்டார். தவறு புரிந்து அவர் மேலே எழுப்புவதற்குள் விமானம் மரங்களில் மோதிவிட்டது. பயத்தில் நாங்கள் ஏற்றிவைத்த வெளிச்சம் அது.

கதவைத் திறக்கும்படி காவல் கார்ப்பரலிடம் கெஞ்சினேன். பட்டாளம் வரும்வரை திறக்க உத்தரவில்லை என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மரங்களுக்குள் யாரோ முனகுவது கேட்டது. எஸ்தரா என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

"ஆண்டவரே, நான் போக முடியாது. நீர் போம்."

பக்கத்தில் நின்ற பால்மரத் தொழிலாளி முனியம்மா அக்கா சொன்னார்: "ஒங்க சாமிய நீங்க கூப்புடுங்க டிரஸர், எங்காத்தாவ நான் கூப்புடுறேன். யாராச்சும் ஒருத்தரு போவட்டும்லா."

பட்டாளத்தார் வந்து, காயம்பட்டவர்களை என் ஆஸ்பத்திரிக்கே சுமந்து வந்தார்கள். எஸ்தரும் இருந்தாள். கால் முறிந்திருந்தது. நான் கட்டுப் போடும்போது என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"நான் தனியா இல்லேங்க. பக்கத்து சீட்டு மலாய்த் தம்பி என் கையப் பிடிச்சுக்கிட்டு பேசிக்கிட்டே இருந்துச்சு. தூங்காதீங்க அக்கான்னு சொல்லிச்சு. அப்புறம் அதோட பேச்சு நின்னுபோச்சு."

கேட்டது கிடைத்தவன் நான். அன்றுமுதல் என் ஜெபத்தில் எனக்கென்று கேட்பது குறைந்துவிட்டது. ஆனாலும் மாலை ஆறு மணியானால் என் மனம் அந்தக் கம்பியருகே போய் நிற்கிறது. உங்களுக்கும் எட்டாத இடத்தில் ஓர் அன்பானவர் இருக்கலாம். உங்கள் கை எட்டாத அந்த இடத்துக்கு ஆண்டவரை அனுப்புங்கள், அவர் போவார். யாருடைய கையாகப் போவார் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்க முடியாது.

விபத்துக்கு மறுநாள் காலை கதவு திறந்தபோது, அந்தத் தம்பியின் தகப்பனார் மகனைத் தேடி வந்து மழையில் நனைந்தபடி வெளியே நின்றிருந்தார். அன்று காலை எஸ்தரைப் போய்ப் பார்க்கும் முன்பே அவரிடம் போனேன். அவர் மகன் கடைசிவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.