வாழையிலையில் காஸ்டிக் சோடா

கணபதி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, என் கணவர் துணி சோப்பு தயாரித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். ஆனாலும் அந்த ஷெட்டில் என் பேச்சு எடுபட்டதே இல்லை. ஆடிக் காற்றில் வாஷிங் சோடாக் கட்டிகளைத் திறந்து போடாதீர்கள், அதிலுள்ள தண்ணீர் போய் மாவாகிவிடும் என்றேன். மாவாகத்தான் போனது. “மாவானா என்ன, இடிக்கற வேலை மிச்சம்” என்றார் கணவர்.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று நல்ல மழை. ஷெட்டைக் கழுவி, தராசு, அச்சு, கரண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார் என் மாமியார். அதோடு விட்டாரா? சாமிக்கு மூடி வைத்தா படைப்பார்கள் என்று, சோப்புக்குச் சேர்க்க டின்னில் இருந்த காஸ்டிக் சோடாவைக் கரண்டியால் அள்ளித் தலைவாழை இலையில் பரப்பிவிட்டார்.

“அத்தை, அது காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துத் தண்ணியாயிருமுங்க. அந்தத் தண்ணி பட்டாத் தோலு வெந்துபோயிரும். கண்ணுல பட்டாப் பார்வையே போயிருமுங்க. எடுத்து மூடிரட்டுங்களா?”

“படைச்சதை மறுபூசைக்கு முன்னால தொடறதா? சும்மா இரு கண்ணு.”

கணவரிடம் போனேன். “நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம், உடு” என்றார். தினமும் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தொடுகிற மனிதர்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

காலையில் பார்த்தால், வெள்ளைச் சில்லுகள் பாதிக்கு மேல் கரைந்து, இலை கறுத்து, நடுத்தண்டு ஓரமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. மாமியார் கற்பூரம் காட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா அம்மணி, சாமி தீர்த்தமே குடுத்துருச்சு!”

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள விரலை நீட்டினார். நான் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கற்பூரத் தட்டு உருண்டு போய் விழுந்தது.

“நல்ல நாளும் அதுவுமா, சாமி முன்னால மாமியா மேல கை நீட்டறியா நீயி?”

“கொஞ்சம் பதனமாச் சொல்லியிருக்கலாமல்ல?” என்றார் கணவர். முந்தின நாளிலிருந்து தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியது வேறு யாராம்?

தீபாவளி வரை மாமியார் என்னோடு பேசவில்லை. அடுப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் முறைப்பார். எனக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் முறைப்பதற்கு அந்த இரண்டு கண்களும் இருந்தன.